கீழ்வீட்டுக்குக் கொடுத்த லெட்யூஸ்

மண்ணில்லாமல் தண்ணீரிலேயே லெட்யூஸ் வளர்ப்பதில் கிரிஜாவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தாபோடியில் இருக்கும் மாடிவீட்டு பால்கனியில் வெள்ளைக் குழாய்களின் துளைகளில் செடிகள் வரிசையாக நிற்கும். சின்ன மோட்டார் ஒன்று சத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கும். அன்று காலை முதல் அறுவடை. ஒரு கட்டு கீரையைக் கீழ்வீட்டு அம்ருதாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அம்ருதாவுக்கு ஏழாம் மாதம்.

மத்தியானம் போசரியிலுள்ள தொழிற்சாலையிலிருந்து கணவன் ஹரீஷ் போன் செய்தான்.

“கீரையப் பறிச்சுராத கிரிஜா. எலைக்கு அடியில அசுவினிப் பூச்சி அப்பியிருந்துச்சு. நேத்து மருந்து அடிச்சு உட்டுருக்கறேன். மறந்தே போயிட்டேன்.”

“என்ன மருந்துங்க?”

“எங்க கம்பெனித் தோட்டத்துல ரோஜாவுக்கு அடிக்கறது. மிச்சம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால இருக்குது.”

“அம்ருதாவுக்குக் குடுத்துப்போட்டனுங்களே.”

அவன் குரலைத் தாழ்த்தி, “ஏதாச்சும் சொல்லித் திருப்பி வாங்கிரு. மருந்துன்னு மட்டும் சொல்லீராத. போலீஸ் கேஸாயிரும்” என்றான்.

அவள் செருப்பில்லாமல் படியிறங்கி ஓடினாள். மணியை அழுத்தினாள். உள்ளே டிவியில் மராத்தி சீரியல் ஓடும் சத்தம் கேட்டது, யாரும் வரவில்லை. கதவைத் தட்டிக்கொண்டே அம்ருதாவுக்கு போன் போட்டாள்.

“நான் ஸ்கேனுக்கு வந்திருக்கிறேன், தீதி” என்று அக்கா முறை வைத்து இந்தியில் நிதானமாகச் சொன்னாள் அம்ருதா.

“அந்தக் கீரையைச் சாப்பிட்டியா?”

“இல்லை. பச்சையாக எதுவும் சாப்பிடக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமியார்தான் தயிர் விட்டு கோஷிம்பீர் பச்சடி பண்ணிச் சாப்பிட்டார். ஏன்?”

கிரிஜாவுக்கு ஒரு பொய் நாக்கின் நுனிவரை வந்தது. உள்ளே டிவி பேசிக்கொண்டேயிருந்தது.

“அதில் பூச்சிமருந்து இருக்கிறது அம்ருதா. எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டேன். உன் மாமியார் கதவைத் திறக்கவில்லை.”

மாற்றுச் சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. அவர் திறந்ததும் கிரிஜா முதலில் சமையலறையைத்தான் பார்த்தாள். மாமியார் தரையில் சரிந்து கிடந்தார். புடவை வியர்வையில் நனைந்திருந்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. கூப்பிட்டதற்கு முனகினார். உயிர் இருக்கிறது. வாட்ச்மேனை ஆம்புலன்ஸுக்கு போன் செய்யச் சொல்லிவிட்டு, கிரிஜா மாடியேறி வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்த மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டுதான் ஆம்புலன்ஸில் ஏறினாள்.

அவசரப்பிரிவு டாக்டர் லேபிளைப் படித்தவுடன் நர்ஸிடம் ஊசியின் பெயரைச் சொன்னார். மூடிய கதவுக்கு வெளியே கிரிஜா நின்றாள். அது திறக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆறு மணிவாக்கில் டாக்டர் வெளியே வந்து, “பிழைத்துக்கொள்வார். பாட்டில் வந்ததால் நேரம் வீணாகவில்லை” என்றார்.

ஆஸ்பத்திரி தகவல் கொடுத்துப் போலீஸும் வந்தது. பக்கத்தில் ஹரீஷ் வெளிறிப்போய் நிற்க, கிரிஜா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார்.

நாலாம் நாள் மாமியார் வீடு திரும்பினார். கிரிஜா பார்க்கப் போனாள். அம்ருதா கதவைப் பாதிதான் திறந்தாள். கோபமாகப் பேசவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்தபடி, “நான் சாப்பிட்டிருந்தால், தீதி?” என்று மட்டும் கேட்டாள்.

கிரிஜா கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.