வாமதேவன் அண்ணையின் பாலத்துக்கு என்ன விலை

வாமதேவன் அண்ணைக்குச் சொந்தமாக ஒரு பாலம் இருந்தது. பலசரக்குக் கடை பாரிஸில், ரூ பெர்தொனே தெருவில். நகருக்கு வெளியே, பொபினிக்கு அப்பால் ஒரு பழைய கிடங்கு. கிடங்கை வாங்கியபோது, அதற்குப் போகும் இரும்பு நடைபாலமும் பத்திரத்தில் சேர்ந்தே வந்தது. சனிக்கிழமைகளில் சனம் அதைக் கடந்து வந்து அரிசி மூட்டை வாங்கிப்போகும்.

ட்ராம் பாதைக்காகப் பாலத்தை அரசாங்கம் எடுத்து இடிக்கப்போவதாகக் கடிதம் வந்தது. பாலம் போனால் கிடங்குக்கு வழியில்லை. வேறு கிடங்கு எடுக்க நட்டஈட்டை விட்டால் பணமும் இல்லை. எங்கள் தமிழ்க்கடைகள் இருக்கும் லா ஷப்பலில் எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பவன் நான் என்பதால், கடைப் பின்னறையில் வைத்து அண்ணைக்கு நட்டஈட்டுக் கணக்கை ஒழுங்காக விளக்கினேன்.

"அண்ணை, வீடெண்டால் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது எண்டு பார்ப்பினம். பாலத்தை ஆர் விக்கிறது, ஆர் வாங்கிறது? ரெண்டு வழிதான் இருக்கு. புதுசாக் கட்டுற செலவிலை பழசானதைக் கழிக்கலாம். இல்லாட்டி, பாலத்தாலை வாற வருமானத்தைப் பார்க்கலாம்."

"முதலாவதிலை என்ன கிடைக்கும்?"

"கறள் பிடிச்ச பழைய இரும்பின்ரை விலை. ரெண்டாவதைப் பிடியுங்கோ. எத்தினை பேர் வருகினம் எண்டு கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கோ."

"ஓம், ஓம்."

சனிக்கிழமை, நட்டஈட்டைக் கணிக்க அரசாங்கம் அனுப்பிய மதிப்பீட்டாளர் மர்கரீத் அம்மையார் கிடங்குக்கு வந்து, ஒரு நாளைக்கு எத்தனை வாடிக்கையாளர் என்று கேட்டார். கோப்போடு வருகிற எவருக்கும் அண்ணை இருபது வருஷமாகச் சொல்லிவந்த பதில் தானாக வெளியே வந்தது. அதுவும் நான் தடுக்க முடியாதபடி நல்ல பிரெஞ்சில்.

"வியாபாரமே இல்லை, மடம். நாலு பேர் வந்தால் பெரிய காரியம்."

அம்மையார் நான்கு என்று எழுதினார். அந்நேரம் பாலத்தில் பதினைந்து பேர் மூட்டைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

"இவர்கள்?"

"சொந்தக்காரர்."

"எல்லோருமா?"

"எங்கடை குடும்பம் பெரிசு, மடம்."

கல்லாவில் இருந்த அண்ணையின் மனைவி நாகேஸ்வரி அக்கா எழும்பி வந்து தமிழில் கேட்டார்: "உந்தச் சொந்தக்காரர் ஒருத்தரையும் மகளின்ரை கலியாணத்திலை காணேல்லையே?"

"உள்ளபடி நூற்றெண்பது எண்டு சொன்னால் வரிக்காரன் வருவானப்பா!"

"வரிக்கணக்கிலை எவ்வளவு காட்டினனீங்கள்?" என்றேன்.

"நாலு பேரின்ரை வியாபாரந்தான்."

"வரிக்காரன் வரட்டும்," என்றார் அக்கா. "கிடங்கு இல்லாமல் எங்கை அரிசி அடுக்கிறது? உங்கடை தலையிலையோ?"

அண்ணை நெற்றியைத் துடைத்தார்.

"மடம், அந்த நாலை வெட்டுங்கோ. நூற்றெண்பது."

"ஆதாரம்?"

"இருந்து எண்ணுங்கோ." கதிரை போட்டு, தேத்தண்ணீரும் வைத்துவிட்டு, என்னிடம் திரும்பினார். "தம்பி, வரிக்கந்தோருக்கும் ஒரு கடிதம் எழுதும். கணக்கிலை விட்டதைச் சொல்லி, பணிவா எழுதும்."

நான் அந்தக் கடிதத்தின் இரண்டாம் பந்திக்கு வந்தபோது அம்மையார் எண்ணிக்கையில் அறுபதைத் தாண்டியிருந்தார். அண்ணை பாலத்தின் மறுமுனையில் நின்று, போனவர்களை இன்னொருமுறை கடந்து வரச்சொல்லி மறித்துக்கொண்டிருந்தார்.