நாற்பத்திரண்டாவது நாற்காலி

கடப்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில், யாரும் பெறாத ஒரு பெண் செப்டம்பர் மூன்றாம் திங்கட்கிழமை வந்து ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தாள். அன்று மத்தி மீன் கூறு ஐம்பது ரூபாய். அவள் எப்படி வந்தாள் என்பது ஊருக்கே தெரியும், அதனால் யாரும் போலீசுக்குப் போகவில்லை. எல்லாம் கணக்கு டீச்சர் ரேணுகா செய்த வேலை. தரையில் குனிந்து எழுதும் பிள்ளைகளைப் பார்க்க மனசு கேட்காமல், தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு மரம் சேர்த்து, வகுப்பின் நாற்பத்தொரு பேரையும் அளந்தார். குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, மடிப்பிலிருந்து முதுகு வரை, உட்கார்ந்தால் முழங்கை எவ்வளவு உயரம் என்று ஒரு நோட்டு நிறைய அளவு. ஆனால் ஒரு பிள்ளைக்குப் பெரிய நாற்காலி, இன்னொன்றுக்குச் சின்னது என்றால் நம்ம ஊர் சும்மா இருக்குமா? "எம் புள்ளைக்கு மட்டும் இன்னா குறைச்சல்" என்று பெற்றவர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். தச்சர் வரதனும், "ஒரே அளவா சொல்லு டீச்சரு, நாப்பத்தோரு அளவுன்னா பேஜாரு" என்றார். டீச்சர் எல்லாவற்றையும் கூட்டி, நாற்பத்தொன்றால் வகுத்துக் கொடுத்தார். வரதன் நாற்பத்தொரு நாற்காலியும் மேசையும் செய்து, கொசுறாக ஒரு ஜோடி சேர்த்து இறக்கினார்.

ஒருத்தருக்கும் அவை பொருந்தவில்லை. சீனுவின் கால்கள் தரை எட்டாமல் தொங்கின. வகுப்பிலேயே நெட்டையான பூங்கொடிக்கு முட்டி மேசையில் இடித்தது. பாதி நாள் உட்கார்ந்தாலே முதுகு கடுகடுவென்று வலித்து, வீட்டுக்குப் போய்ப் பாயில் குப்புறப் படுத்துவிடுவாள். இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகும் அவள் அம்மா செங்கம்மாள் தைலம் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து, "பொங்க வரிக்கும் பாப்பேன். அப்பாலயும் வலிச்சா டீசி வாங்கிடுவேன், எங்கூட இறாலு உரிக்க வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். செங்கம்மாள் சொன்னால் சொன்னதுதான். பூங்கொடிக்கோ படிப்பென்றால் உயிர்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்து கொசுறு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு மட்டும் அது கச்சிதமாகப் பொருந்தியது. டீச்சர் அளந்து பார்த்தார், ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. நாற்பத்தொரு பேரில் ஒவ்வொருவர் சாயலும் அவளிடம் கொஞ்சம் இருந்தது. பிள்ளைகள் சராசரியைச் சுருக்கி அவளைச் சரசு என்று கூப்பிட்டார்கள். சத்துணவில் அவளுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். அவள் சொகுசாக உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் டீச்சருக்குத் தன் தப்பு உறைத்தது. வரதனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் அளவில் மாற்றச் சொன்னார். ஊர்ச் சண்டை வந்தால் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

புது மரம் கிடையாது. குட்டைப் பிள்ளைகளின் நாற்காலிக் கால்களில் அறுத்த கட்டையை நெட்டைப் பிள்ளைகளின் நாற்காலிகளுக்கு இரும்புப் பட்டை வைத்து ஒட்டினார்கள். கணக்குப்படி கூட்டலும் கழித்தலும் சரியாக வரவேண்டும், வாள் தின்ற மரத்தூளை மட்டும் டீச்சர் கணக்கில் எடுக்கவில்லை. பொங்கல் லீவுக்கு முந்தின நாள், எல்லாம் முடிந்து கடைசியில் பூங்கொடியின் நாற்காலிக்கும் மேசைக்கும் கட்டை இல்லை. பூங்கொடி பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போது சரசு எழுந்து, "என்னுத அறுத்துக்க அண்ணாத்த. அவ முட்டி பாவம்" என்றாள். இந்த நாற்காலி போனால் இவளும் போய்விடுவாளோ என்று வரதன் வாளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். அழுதுகொண்டேதான் அறுத்துப் பூங்கொடியின் நாற்காலிக்கும் மேசைக்கும் ஒட்டினார். லீவு முழுக்கப் பிள்ளைகளுக்கு இதே கவலை, கரும்புகூட இனிக்கவில்லை.

லீவு முடிந்த முதல் நாள், மகளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, செங்கம்மாள் டீசி வாங்க வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பூங்கொடியின் இடத்தில் பூங்கொடி உயரத்துக்கு ஒரு பெண், பாதம் இரண்டும் தரையில் படிய, முதுகைச் சாய்த்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். சரசுதான். செங்கம்மாள் ஒரு பீரியட் முழுக்க அங்கேயே நின்றாள். அந்தப் பெண் ஒரு தடவைகூட இடுப்பில் கை வைக்கவில்லை.

"எம்மா நேரமா இப்டி குந்திகினு கீது டீச்சர்?"

"காலையிலேர்ந்து."

செங்கம்மாள் உள்ளே போய்ச் சரசுவின் கன்னத்தைத் தடவி, "நீ நல்லா இருக்கணும் கண்ணு" என்றாள். டீசி பேச்சையே எடுக்காமல் வீட்டுக்குப் போய், மத்தியானத்துக்குள் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். பூங்கொடியைக் கண்டதும் சரசு எழுந்து இடம் விட்டாள். அன்று சீனுவுக்குக் காய்ச்சல், வரவில்லை. சரசு அவன் நாற்காலிக்குப் போய், சீனு அளவுக்குச் சின்னதாகி, கணக்கு நோட்டைத் திறந்தாள்.