ஜில்லுன்னு இருக்குப்பா

நாளைக்கு எங்க வண்டில ஏறாதடி. உன் தம்பியையும் ஏத்தாத. ஜுரம்னு சொல்லு, வயித்துவலின்னு சொல்லு, என்னத்தையாவது சொல்லி ரெண்டு பேரும் வீட்லயே கெடங்க. முழிச்சிருந்தா உடனே பாரு. இல்லன்னா காலைல எழுந்ததும் மொத வேலையா இத படி.

அண்ணன் வெளிய வண்டிக்குள்ள உக்காந்திருக்கான், சாவிய கைல வச்சுகிட்டு. அப்பா உள் ரூம்ல. தூங்கறாரா, சும்மா படுத்திருக்காரான்னு தெரியல. நான் போர்வைக்குள்ள இருந்து அடிச்சிட்டிருக்கேன். இருட்டுல தப்புத்தப்பா வரும், கண்டுக்காத.

நான் ஒரு பொய் சொல்லிட்டேன்டி. அத நம்பித்தான் அப்பா அந்த இன்ஜின வாங்குனாரு.

இரு, ஒழுங்கா சொல்றேன்.

மலை ஏறறப்ப பழைய இன்ஜின் கொதிச்ச அன்னைக்கு நீயும் வண்டில இருந்தியே. புகை வந்ததும் உன் தம்பி அழுதானே, அன்னைக்கு. அண்ணன்தான் ஓட்டுனான். சூடு காட்டற முள்ளு செவப்புக்குப் போனது அவனுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. பின்னாடி எல்லாரும் நேரமாச்சு நேரமாச்சுன்னு கத்துனீங்கல்ல, மேல ஏறிட்டு தண்ணி ஊத்திக்கலாம்னு மிதிச்சுட்டான். மேல போய் சேந்துச்சு. ஆனா இன்ஜின் ரெண்டு எடத்துல வெடிச்சுடுச்சு.

அன்னையிலேந்து அப்பா அவன்கிட்ட பேசறதில்ல. திட்டுனாலாவது பரவால்ல. ஒரே தரையில எதிரெதிரா உக்காந்து சாப்பிடுவாங்க. "உங்க அண்ணனுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு"ம்பாரு. அவன் "வேணாம்னு சொல்லு"ம்பான். நடுவுல நான் என்ன, போஸ்ட் ஆபீஸா? அம்மா ஒரு நாள் கரண்டிய டங்குன்னு வச்சுட்டு, "ரெண்டு பேருக்கும் வாயில என்ன பூட்டா தொங்குது?"ன்னு கேட்டாங்க. அப்பா என்னப் பாத்து, "உங்க அம்மாவ கத்த வேணாம்னு சொல்லு"ன்னாரு.

அப்புறம் வேற இன்ஜின் போடற பேச்சு வந்துச்சு. எங்க மெக்கானிக் மாமா, அம்மாவோட தம்பி, உனக்குத் தெரியும்ல, அவரு வந்து ஷெட்ல உக்காந்து தெனம் ராத்திரி அப்பாவோட மல்லுக்கட்டுவாரு. வெடிச்சத ஒட்டிப் பாக்கலாமான்னு அப்பா கேட்டதுக்கு, "ஒட்டுப் போட்ட பானைல எத்தன நாளைக்கு மச்சான் தண்ணி புடிப்பீங்க?"ன்னாரு. மாமாவுக்கு என்ன ஆசைன்னா, ஒரு சின்ன லோடு வேனோட இன்ஜின் இருக்காம், புத்தம் புதுசு, டீசலும் கம்மியா குடிக்குமாம், அத போட்றலாம்னு.

"மாப்ள, அது சமதரைல ஓடற ஜீவன். ஆள ஏத்திட்டு நடு ஏத்தத்துல நின்னு மூச்சு வாங்குச்சுன்னா, நீ வந்து தள்ளுவியா?"

"தள்ளறேன் மச்சான். எங்கக்கா கையால இத்தன வருஷம் தின்ன சோத்துக்கு அதாவது செய்யணும்ல."

அப்பத்தான் அண்ணன் வாயத் தெறந்தான். அப்பாவப் பாத்து இல்ல, செவுத்தப் பாத்து. "சத்தியத்தோட யார்டுல நம்ம மாடலே ஒன்னு வந்திருக்கு. பின்னாடி லாரி இடிச்சது. முன்னாடி ஒரு கீறல் கெடையாது. இன்ஜின் அப்படியே இருக்கு."

சத்தியம்ங்கறது பழைய வண்டி வாங்கி உடைச்சு விக்கறவரு. நெஜப் பேரு யாருக்கும் தெரியாது. வாயத் தெறந்தா "சத்தியமா சொல்றேன்"தான். பெத்த தாய் மேல சத்தியம், புள்ளைங்க மேல சத்தியம். "அவரு பண்ணுன சத்தியத்துக்கு இந்நேரம் அவங்க வீட்ல யாருமே மிஞ்சியிருக்கக் கூடாது"ன்னு அண்ணன் சொல்லுவான். அவருகிட்டயே போய் இன்ஜின் பாத்து வச்சிருக்கான் பாரு.

அப்பா எழுந்து உள்ள போயிட்டாரு. மறுநாள் என்கிட்ட, "அவன் கடைய எப்பத் தெறப்பான்னு உங்க அண்ணன கேளு"ன்னாரு. அண்ணன் மூஞ்சி எப்படி ஆச்சு தெரியுமா? பரிட்சைல பாஸ் பண்ணவன் மாதிரி.

இப்ப நான் சொல்லப் போறத கவனமா கேளு. பழைய இன்ஜின் பாக்கப் போனா அப்பாவுக்கு ஒரு வழக்கம். "மொதல்ல கை, அப்புறம் சாவி." தேஞ்சு போன இன்ஜின் ஜில்லுன்னு கெடக்கறப்ப சீக்கிரம் ஸ்டார்ட் ஆகாது, இருமும், புகை தள்ளும். அதனால விக்கறவங்க நாம போறதுக்கு முன்னாடியே ஓட்டி சூடாக்கி வச்சிருவாங்க. சூடா இருந்தா எந்தக் கெழடும் ஒரே அடில புடிச்சுக்கும். அதுக்குத்தான் சாவி போடறதுக்கு முன்னாடி இன்ஜின் மேல கைய வச்சுப் பாக்கறது. சூடு தெரிஞ்சா அப்பா ஒரு வார்த்த பேசாம திரும்பி நடந்துருவாரு. நான் பாத்திருக்கேன்.

ஆனா சக்கர வியாதி வந்ததுல இருந்து அப்பாவுக்கு விரல்லாம் மரத்துப் போச்சு. கொதிக்கற டம்ளர கைல புடிச்சுகிட்டு சாவகாசமா கதை பேசுவாரு, அம்மா ஓடிவந்து புடுங்குவாங்க. அதனால இப்பல்லாம் கை நான்தான். டயர்ல வெடிப்பு இருக்கா, ஆயில்ல மண்ணு நெருடுதா, எல்லாம் என்னத்தான் தொட்டு சொல்லச் சொல்லுவாரு. எனக்கு அதுல கொஞ்சம் பெருமைதான்டி. பொய் சொல்லல.

யார்டுக்குக் காலங்காத்தாலயே போனோம். மாமா பைக்க நிறுத்த எடம் தேடிட்டு இருந்தாரு. சத்தியம் ஓடி வந்தாரு. "வாங்கய்யா வாங்க, சத்தியமா இப்பத்தான் கேட்டையே தெறந்தேன்." வண்டியோட முன்மூடி ஏற்கெனவே தூக்கியிருந்துச்சு. அப்பா அவரத் திரும்பிக்கூட பாக்கல. "சின்னவளே, கைய வையி"ன்னாரு.

வச்சேன்.

சுடல. சுட்டிருந்தா கைய எடுத்திருப்பேன், எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். வெதுவெதுன்னு இருந்துச்சு. பஸ்ல யாரோ இப்பத்தான் எழுந்து போன சீட்டுல உக்காந்தா தெரியுமே, அந்த மாதிரி.

"ஜில்லுன்னு இருக்குப்பா."

சத்தியம் என்ன டக்குன்னு திரும்பிப் பாத்தாருடி. அவருக்குத் தெரியும்ல. அந்த ஒரு நேரம் மட்டும் அவரு வாயில சத்தியம் வரல. அப்புறம் கடப்பையன அனுப்பி எனக்கு மட்டும் ஒரு கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் குடுத்தாரு. "பாப்பா பாவம், வெயில்ல நிக்குது"ன்னு. வெயிலே வரல அப்ப. நான் குடிச்சேன்டி. ஒரு சொட்டு விடாம குடிச்சேன்.

சாவி போட்டாங்க. ஒரே அடி, புடிச்சுகிச்சு. அப்பதான் மாமா உள்ள வந்தாரு. இனிமே தொட்டு என்ன பிரயோஜனம், ஓடற இன்ஜின் சூடாத்தான இருக்கும். அவரு ஆயில் ஊத்தற எடத்து மூடியக் கழட்டி, கவுத்து அது மேலயே வச்சாரு. நல்ல இன்ஜின்னா மூடி சும்மா கெடக்கணுமாம். உள்ள தேஞ்சிருந்தா காத்து முட்டி மூடி குதிக்குமாம். இது குதிக்கல, ஆனா டிக்கிடிக்கின்னு ஆடுச்சு. மாமா ஒதட்டப் பிதுக்குனாரு.

"லேசா ஆடுதே மச்சான். ஜில்லுன்னு இருந்துதான் ஒரே அடில புடிச்சுதா?"

"என் பொண்ணு கை வச்சுப் பாத்தா."

"அப்ப சரி. வயசுக்கு இந்த ஆட்டம் சகஜம்தான்."

அவ்ளோதான். முடிஞ்சுது. அப்பா அண்ணன நேருக்கு நேரா பாத்து, "நல்லதாத்தான் பாத்து வச்சிருக்க"ன்னாரு. இத்தன நாள் கழிச்சு, நடுவுல நான் இல்லாம. அண்ணனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, தூசு விழுந்த மாதிரி தேச்சுகிட்டான். வர்ற வழியெல்லாம் ரெண்டு பேரும் எந்த போல்ட்ட எப்படிக் கழட்டறதுன்னு பேசிட்டே வந்தாங்க. எனக்கு அப்ப பயமே இல்லடி. வெதுவெதுப்புதான, என்ன ஆயிடப் போவுதுன்னு நெனச்சேன்.

மாமா ராத்திரி பகலா நின்னு மாட்டுனாரு. நேத்து சாயங்காலம் வேல முடிஞ்சுது. ராத்திரி முழுக்க இன்ஜின் ஜில்லுன்னு கெடந்துச்சு. இன்னிக்குக் காலைல சாவி போட்டாங்க.

கொர்ர்ர், கொர்ர்ர்னு இழுத்துச்சு பாரு. நிறுத்தி, மறுபடி இழுத்து, பேட்டரியே சோர்ந்து போச்சு. கடைசில ஒரு இருமு இருமிப் புடிச்சுது. நீலமா புகை, வாசல் பூரா. அம்மா காயப்போட்ட துணியெல்லாம் நாறுது.

மாமா சிரிச்சு சமாளிச்சாரு. "டீசல் லைன்ல காத்து நிக்குது மச்சான். புது மருமக மாதிரிதான், வீடு பழகற வரைக்கும் மொரண்டு புடிக்கும்."

அப்பா சிரிக்கல. என் பக்கம் திரும்புனாரு. "அன்னைக்கு ஜில்லுன்னுதான இருந்துச்சு?"

அப்பயாவது சொல்லியிருக்கலாம்ல? வாய் வரைக்கும் வந்துச்சு. "ஆமாப்பா"ன்னேன்.

"அப்ப இன்ஜின்ல கொற இல்ல. மாட்டுன கைலதான் கொற."

மாமா ஸ்பேனர ஒவ்வொன்னா துணில தொடச்சுப் பையில போட்டாரு. அம்மா "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போடா"ன்னு பின்னாடியே ஓடுனாங்க. "கையே சரியில்லன்னுட்டாரேக்கா, இந்தக் கையால எப்படி சாப்பிடறது?"ன்னுட்டு பைக்க எடுத்துட்டுப் போயிட்டாரு. போறப்ப என் தலையத் தட்டிட்டுப் போனாருடி. "வரேன் சின்னவளே"ன்னு. நான் செத்தே போயிட்டேன்.

அப்பா நாள் பூரா தானே காத்த எடுத்துப் பாத்தாரு. மத்தியானத்துக்கு மேல இன்ஜின் சூடானதும் நல்லா ஓடுச்சு. "அவ்ளோதான், சரியாப் போச்சு. நாளைக்குக் காலைல மேல போய் எல்லாரையும் ஏத்திட்டு வந்துடறேன்"னு அம்மாகிட்ட சொல்லிட்டுப் படுத்துட்டாரு.

அந்த எறக்கம் உனக்குத் தெரியாததா? "எறக்கத்துல வண்டியப் புடிச்சு நிறுத்தறது பிரேக் இல்ல, இன்ஜின்"னு அப்பாதான் அண்ணனுக்கு சொல்லிக் குடுத்தாரு. உள்ள தேஞ்ச இன்ஜின் புடிக்காது. நடுவுல அணைஞ்சு போச்சுன்னா பிரேக்கும் மிதிக்க முடியாம கல்லு மாதிரி ஆயிடும். உள்ள நீ, உன் தம்பி, நர்ஸ் அக்கா, தோட்டத்து ஆளுங்க. ஓட்டறது எங்க அப்பா.

அதான் அண்ணன எழுப்பி சொல்லிட்டேன். திட்டுவான், அடிப்பான்னு பாத்தேன். அவன் எழுந்து உக்காந்தான்.

"எதுக்குடி சொன்ன?"

"உனக்காகத்தான். அப்பா திரும்பிப் போயிருந்தா உன்கூட என்னைக்குமே பேசியிருக்க மாட்டாரு."

"நான் உன்கிட்ட கேட்டனா? கேட்டனா சொல்லு."

கேக்கல. அவனுக்கு இன்ஜின் சூடா இருந்ததே தெரியாது. நகத்தக் கடிச்சுகிட்டு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தான்.

"இப்ப நீ போய் சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"ன்னான். "நான்தான் உன்ன அப்படி சொல்லச் சொன்னேன்னு நெனப்பாரு. நானும் சத்தியமும் கூட்டுன்னு நெனப்பாரு. இன்ஜினக் காட்டுனதே நான்தான. நானே போய் சொன்னாலும் அதேதான்." அப்புறம் சாவிய ஆணிலேந்து எடுத்தான். "வண்டி நகராது. அத நான் பாத்துக்கறேன். ஆனா காலைல அப்பா சாவி கேப்பாரு. அதுக்குள்ள நீயே சொல்லிடு."

சொல்லிடுவேன்டி. கண்டிப்பா சொல்லிடுவேன். சூடா இருந்துச்சுப்பான்னு சொல்லிடுவேன். மாமா மேல தப்பில்லன்னும் சொல்லிடுவேன். அது வரைக்கும் மனசுக்குள்ள பேசிப் பாத்துட்டேன். அப்புறம் அப்பா "ஏன்"னு கேப்பாரு. கத்தக்கூட மாட்டாரு, மெதுவாத்தான் கேப்பாரு.

அண்ணனுக்காகன்னு சொன்னா அவன் கதை முடிஞ்சுது. சரி, அது போகட்டும், உண்மையிலயே அவனுக்காகன்னாலாவது சொல்லலாம். இப்ப படுத்துகிட்டு திருப்பித் திருப்பி நெனச்சுப் பாக்கறேன். கைய வச்சேன். வெதுவெதுன்னு தெரிஞ்சுது. எல்லாரும் என் வாயையே பாத்துட்டு நின்னாங்க. "ஜில்லுன்னு இருக்குப்பா"ன்னு சொன்னேன். அண்ணன் மூஞ்சிய நான் பாத்தது அதுக்கு அப்புறம்தான்டி. சொல்றப்ப அவன் நெனப்பே எனக்கு இல்ல.

அப்ப யாருக்காகடி சொன்னேன்?