எட்டு நட்சத்திரமும் நாற்பத்தேழும்

ரத்த வங்கியின் கொடையாளர் பட்டியலிலிருந்து ஒருவருடைய தொலைபேசி எண்ணை அழித்துவிட்டேன். நான்கு மாதம் உட்கார்ந்து எழுதி, பாராட்டும் வாங்கிய என் புரோகிராம் செய்த காரியம் அது.

கொடையாளர்களைக் கண்டவர்களும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாதென்று, திரையில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரியும். மற்ற எட்டும் நட்சத்திரம். பேச வேண்டுமென்றால் பொத்தானை அழுத்தினால் போதும், அழைப்பு போய்விடும். இந்த மறைக்கிற யோசனை என்னுடையதுதான். முன்மேசையில் இருக்கும் அண்ணி, அதாவது எனக்கு இந்த வேலையை வாங்கித்தந்த புண்ணியவதி, போன வாரம் அந்த ஆளின் கதவு எண்ணைத் திருத்திச் சேமித்தார். என் புரோகிராமோ மாறியதை மட்டும் எழுதாமல், திரையில் இருந்ததையெல்லாம் அள்ளி உள்ளே கொட்டியது. அசல் எண் போய், எட்டு நட்சத்திரமும் நாற்பத்தேழும் நிலைத்துவிட்டன.

இன்று மதியம் அண்ணி பொத்தானை அழுத்தினார்.

"தம்பி, ஃபோன் போகல."

"டவர் இருக்காது அண்ணி."

"நட்சத்திரத்துக்கு எந்த டவர்?"

நாளைக் காலை ஒன்பதுக்கு ஒரு பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை. அவளுடைய அரிய ரத்த வகை எங்கள் பட்டியலில் இரண்டே பேருக்குத்தான். ஒருவர் கப்பல் சமையல்காரர், நடுக்கடலில் இருக்கிறார். மற்றவர் இந்த நாற்பத்தேழு. பழைய நகலிலிருந்து எண்ணை மீட்க நாளை மதியமாகும்.

நட்சத்திரத்தோடு திரும்பி வரும் எண்ணை எழுதாதே, உள்ளே இருப்பதை அப்படியே விடு என்று மூன்று வரி சேர்த்தேன். நான்கு மாதம் தோன்றாதது நான்கு நிமிடத்தில் வந்தது. ஆனால் போனது போனதுதான்.

"சேவ் பண்ணது நீங்கதானே அண்ணி?"

"அட்ரஸும் நான்தான் திருத்தினேன். அது சரியா இருக்கு. கெளம்பு."

அந்த நாற்பத்தேழுக்காரர் சோபா தைப்பவர். வீட்டு முன்னறையில், வயிறு கிழிந்த சோபாவுக்குள் தோள்வரை கைவிட்டிருந்தார். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்ப என் நம்பரை நீங்களே மறைச்சு, நீங்களே தொலைச்சிட்டீங்க."

"ஆமா சார்."

"பரவால்ல, நான் ஆணியத்தான் தொலைக்கிறேன்."

"நாளைக்குக் காலையில வர முடியுமா?"

"இந்த சோபா நாளைக்குப் போகணும். கடைக்காரர் ரெண்டு தடவ வந்து நின்னுட்டுப் போயிட்டார். பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆபீசில் அதை அதிகம் சொல்பவன் நான்தான். போகாமல் தரையில் உட்கார்ந்து, அவர் இழுத்த துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொண்ணுக்குக் குழந்தை இருக்கா?" என்றார்.

"தெரியாது சார். அதையும் மறைச்சுதான் வச்சிருக்கேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவங்களுக்கு வேற ஆளே இல்ல சார். வருவீங்களா, மாட்டீங்களா? நேரா சொல்லிடுங்க."

சோபாவுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார்.

"வரேன். ஏழு மணிக்கு அங்க இருப்பேன்."