பெட்டி சொன்ன மூன்று வரி

மகளின் கல்யாணப் பேச்சைக் கொண்டுபோய் ஆபீஸ் கம்ப்யூட்டரிடம் கேட்ட அப்பா, உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார்.

எண்பத்தாறில், கொழுந்துக் கணக்குப் பார்க்கவென்று எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அந்தப் பெட்டியை இறக்கினார்கள். ஆபீசில் கணக்கெழுதும் நாகரத்தினம் கிராணி அதற்கு வேறொரு வேலையும் பழக்கினார். மழை, மலை, கதவு, அட்டை, லோரி என்று கொஞ்சம் சொற்களை உள்ளே போட்டு வைத்தார். ஒரு பொத்தானைத் தட்டினால் அவற்றைக் குலுக்கி மூன்று வரிக் கவிதையாகத் திரையில் காட்டும். தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். ஒரு தடவை வந்தது மறு தடவை வராது. கிராணிக்குத் தலைகால் தெரியாத பெருமை. ரசிக்க ஆள் வேண்டுமே என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.

முனியாண்டி மாமாவுக்கு "மலை உட்கார்ந்தது" என்று வந்தது. மாமா ரசிக்கவில்லை, பயந்துபோய் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அன்றைக்கே அவர் வேலை பார்க்கும் மேல்மலையில் மண் சரிந்தது. அதன்பிறகு ஆபீசுக்கு வெற்றிலையும் வாழைப்பழமும் வர ஆரம்பித்தன.

"இது சாமி இல்லப்பா, இலக்கியம்!" என்று கிராணி கத்திப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. பழத்தை மட்டும் சாப்பிட்டார்.

நானோ அமல்தாஸைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். தோட்டத்து லோரி ஓட்டுகிறவன், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன். என் அப்பா கருப்பையா கங்காணி. இந்த மாதிரி விஷயத்துக்கு எங்கள் ஆட்கள் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம்.

"அம்மன்கிட்ட கேட்டா நம்ம பக்கம் பேசும். மாதாகிட்ட கேட்டா அவங்க பக்கம். பெட்டிக்கு மதம் கிடையாது லா," என்றார் அப்பா. அமல்தாஸின் அம்மா அற்புதம்மாளும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழையில் எல்லாரும் ஆபீசில் கூடினோம். கிராணி பொத்தானைத் தட்டி, பச்சை எழுத்தை வாசித்தார்.

"மழை நின்றது. கதவு திறந்தது. லோரி வரவில்லை."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "லோரி வரலையாம். முடிஞ்சிச்சு."

"கதவு தொறந்துச்சுன்னு சொல்லுதுல்ல, அண்ணே?" அற்புதம்மாள் விடவில்லை.

"தொறந்து வச்சு என்னா செய்யிறது? வர்றவன் வரலையே."

கிராணிக்குப் பொறுக்கவில்லை. "கங்காணி, அது யோசிச்சு எழுதல. சும்மா குலுக்கிப் போடுது."

"கோயில்ல பூ மட்டும் யோசிச்சா வருது?"

கிராணி ஒரு வாழைப்பழத்தை உரித்தார்.

"இன்னொரு தடவ தட்டுங்க சார்," என்றேன்.

"ஒரு தடவதான்," என்றார் அப்பா. "மறுபடி கேட்டா கோவிச்சுக்கும்."

அமல்தாஸைப் பார்த்தேன். அந்த மகராசன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் வரியையே இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான். எனக்கு வந்ததே கோபம்!

"அப்பா, லோரிதான் வரலைன்னு இருக்கு. இந்த ஜெயா போகமாட்டாள்னு எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்!"

மழை இன்னும் நின்றிருக்கவில்லை. கதவை நான்தான் திறந்தேன். அற்புதம்மாள் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பார்த்து விறுவிறுவென்று இறங்கினேன். பயமாகத்தான் இருந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அமல்தாஸ், லோரியை ஆபீஸ் வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

அவனுக்கும் பின்னால் அப்பா. அடிக்கத்தான் வருகிறார் என்று நின்றுவிட்டேன். வந்தவர் கையிலிருந்த குடையை அமல்தாஸிடம் நீட்டினார்.

"புடிடா. நனையுறா பாரு."

மூச்சு வாங்கியது அவருக்கு. என் முகத்தைப் பார்க்காமல் ஆபீஸ் வாசலைக் காட்டினார்.

"லோரி வரல, பாத்தியா? பெட்டி பொய் சொல்லல."