வாசலில் பொங்கிய பால்

மாரக்காளம்மாவின் காலைத் தொட என்னைத் தவிர யாருக்கும் அனுமதி கிடையாது. அஸ்தம்பட்டியில் நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்குக்கு, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வாரா வாரம் வருவார். "வேற ஆரும் வேண்டாம், என்ற சாமி வரட்டும்" என்று சட்டமாக உட்கார்ந்துகொள்வார். அந்தச் சாமி நான்தான். பெயர் ஜோயா.

நான் குனிந்து கட்டுப் போடும்போது அவர் ஊர்க்கதை சொல்வார். "மேச்சேரில எங்க பெரியப்பன் ஊட்ல, குடி வந்து பால் பொங்க வெச்ச பொம்பளைய அன்னிக்கே தொரத்திப்புட்டாங்க சாமி. அந்தப் பாவம், வருசம் திரும்பறதுக்குள்ள ஊடே குட்டிச்செவுரு." சொல்லும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அந்த நாட்களில் நானும் அம்மாவும் வீடு தேடி நாயாய் அலைந்துகொண்டிருந்தோம். ஃபோனில் முதலில் பெயர் கேட்பார்கள். ஜோயா, அம்மா பெயர் அஜீஸுன்னிசா என்று சொல்லி முடிப்பதற்குள் வீடு வேறு யாருக்கோ போயிருக்கும். அவ்வளவு வேகமாக வீடு வாடகைக்குப் போகிற ஊர் சேலம். நாங்கள் வீடு தேடுவதை மட்டும் கேள்விப்பட்ட மாரக்காளம்மா, "என்ற ஊட்டு மாடி சும்மாதானே கெடக்குது, வந்துரு கண்ணு" என்றார். சாப்பாட்டு நேரத்தில் யூனிஃபார்மோடு ஓடிப் போய் மாடியைப் பார்த்து வந்தேன். பால் காய்ச்ச வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் என்று அவரே குறித்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பழைய வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டுச் சாமானோடு மினி லாரியில் வந்து இறங்கினோம். பழைய வீட்டில் அப்போதே வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டது. அன்று ராத்திரி நாங்கள் தலை சாய்க்க இந்த மாடியை விட்டால் வேறு இடமில்லை.

அம்மா கையில் பால் பாத்திரம். இருவரும் புர்கா போட்டிருந்தோம். கேட்டைத் திறக்க வந்த மாரக்காளம்மா பாதி திறந்த கேட்டை அப்படியே பிடித்துக்கொண்டார். முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஏஞ்சாமி, நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ளையில்லையா?"

"இல்லீங்கம்மா."

"நர்ஸுன்னா வேதக்காரியாத்தான் இருப்பேன்னு நெனச்சேன். நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

உள்ளே இருந்து அவர் மகன் முருகானந்தம் வந்தான். எங்களை மேலும் கீழும் பார்த்தான். "என்னம்மா, துலுக்கச்சிங்களையா குடி வெக்கற?" என்றான். பிறகு என் அம்மாவைப் பார்த்து, "உன் புருசன் எங்க? தலாக் சொல்லிட்டு அடுத்தவளத் தேடிப் போயிட்டானா?" என்று கேட்டான்.

என் அத்தா இறந்து நாலு வருஷம் ஆகிறது. சாகும்வரை அம்மாவை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர். ஆட்டுக்குட்டியைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற தெருவில், அம்மா வயதுப் பெண்ணை 'உன்' என்கிறான். அவன் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

"கறி ஆக்குவாங்க, நாத்தம் கொடலப் பொரட்டும்," என்றான்.

"போன வாரந்தானுங்களே, நசுருல்லா பாய் கடை எலும்புக்கறி நல்லா இருந்துச்சுன்னு உங்க அம்மா சொன்னாங்க?" என்றேன். மாரக்காளம்மா தரையைப் பார்த்தார்.

எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். லாரி டிரைவர் சின்னண்ணன், "எறக்கறதுங்களா, வேண்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

மாரக்காளம்மா என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கறுப்பை மட்டும் கழட்டிருங்க சாமி. போகவர ஆஸ்பத்திரில இருக்கற மாதிரியே இருந்தீங்கன்னா ஆருக்குத் தெரியும்? நான் இவங்கிட்டச் சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

உதவி செய்கிறாராம். அவன் திட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்த உதவியைப் பொறுக்க முடியவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அம்மா பாத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலையில் இருந்த ஊசியைத் தேட ஆரம்பித்தார்.

"என்னம்மா பண்ற?"

"வாசல்ல இருந்து மாடி வரைக்குந்தானே. ராத்திரிக்கு எங்க போவ நீ?" என்றார். நடுத்தெருவில், ஒரு செல்போனுக்கு முன்னால், அந்தத் தடியன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, என் அம்மா ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. வெறிதான் வந்தது.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினேன். ஊசியை நானே திரும்பக் குத்தினேன். பிறகு லாரிக்குப் போனேன். பால் காய்ச்சாமல் சாமான் இறக்கக் கூடாது என்பதால் அடுப்பும் சிலிண்டரும் லாரியின் ஓரத்திலேயே இருந்தன. சின்னண்ணனிடம் அவற்றை மட்டும் இறக்கச் சொல்லி, மாரக்காளம்மா காலையில் போட்டிருந்த கோலத்தின் மேலேயே வைத்தேன். பற்றவைத்துப் பாத்திரத்தை ஏற்றினேன்.

"ஏய், என்ன பண்ற?" என்றான் முருகானந்தம்.

"உங்க அம்மா குறிச்ச நேரம் தாண்டப் போகுது. பால் காய்ச்சறேன்."

மாரக்காளம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. "வேண்டாஞ்சாமி. என்ற வாசல்ல பொங்க உடாத. அணைச்சுரு."

"நீங்க சொன்னதுதானுங்கம்மா. பொங்கட்டும். அப்புறம் தொரத்துங்க. உங்க பெரியப்பன் ஊடு மாதிரி இதுவும் ஆகட்டும்."

ஆமாம், சபித்தேன். புண்ணைக் கழுவிய கையோடு, மனசாரச் சபித்தேன். பால் ஓரத்தில் நுரை கட்டி மேலே ஏறியது. முருகானந்தம் அடுப்பை உதைக்கக் காலை ஓங்கினான். மாரக்காளம்மா கட்டுப் போட்ட காலோடு பாய்ந்து வந்து மகனைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "தட்டி உட்றாதடா பாவி! குடும்பமே அழிஞ்சுரும்!"

பால் பொங்கி வழிந்து கோலத்தில் ஓடியது.

மாரக்காளம்மா கேட்டை முழுசாகத் திறந்தார். "வந்து தொலைங்க," என்றார். அதில் சாமியும் இல்லை, கண்ணும் இல்லை.

எனக்கு அந்த வீட்டில் கால் வைக்கவே அருவருப்பாக இருந்தது. "அம்மா, இவங்க ஊட்லயா இருக்கணும்?" என்றேன்.

"வேற எங்க இருக்குது?" என்றார் அம்மா. சின்னண்ணனிடம் சாமானை இறக்கச் சொன்னார். பிஸ்மில்லா சொல்லி, புர்காவோடு, வலது காலை எடுத்து வைத்துப் பாலைத் தாண்டி உள்ளே போனார்.

அடுப்பைத் தூக்கிக்கொண்டு நான் மாடிப்படியில் பாதி ஏறியிருப்பேன். கீழே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மாரக்காளம்மா ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, அம்மா மிதித்த இடத்தை விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். காலில் நான் போட்ட கட்டு நனைந்துகொண்டிருந்தது.

"நல்லாக் கழுவுங்கம்மா," என்றேன். "நாளைக்கும் இதே வழியாத்தான் வருவோம்."