மாடி வைத்த படகு

இராஜகுமாரியின் கொழுந்தன் பெண்டாட்டி பிரஷாந்தினி, தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில்தான் குடியிருந்தாள். அவள் கொழும்பில் படகேறிச் சிரித்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்ட நாளிலிருந்து இராஜகுமாரிக்கு வயிறு எரிந்தது. ரப்பர் மரத்தில் கத்தி வைத்தாலும் அந்தச் சிரிப்புதான் கண்முன் நின்றது.

மழையால் பால்வெட்டு நின்ற வாரம், யாருக்கும் சொல்லாமல் புருஷனை இழுத்துக்கொண்டு அவளும் கொழும்புக்குப் போனாள். களனி ஆற்றங்கரையில் இரண்டு படகுகள் நின்றன.

“சின்னதே போதும் புள்ள. நம்ம தோட்டத்துப் பக்கம் ஓடுற அதே ஆறுதானே?” என்றான் குமாரவேல்.

“சின்னதுல அவ போயிட்டா. எனக்கு மாடி வச்சதுதான் வேணும்.”

மேல்தட்டில் ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றாள்.

“படகு நல்லாத் தெரியிற மாதிரி எடுங்க!”

அவன் எடுத்தான். பிரஷாந்தினியின் முகம் சுருங்குவதை நினைத்த அவசரத்தில், படத்தைச் சரியாகப் பார்க்காமலே இராஜகுமாரி அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். படத்தில் அவள் முகமும், பின்னால் கலங்கல் தண்ணீரும் மட்டுமே இருந்தன.

அதற்குள் பதில் வந்துவிட்டது.

“ஆத்துக்கா போயிருக்கீங்க அக்கா? சொல்லியிருந்தா என் அழுக்குத் துணியையும் குடுத்து விட்டிருப்பேனே!”